நூல் முதல் பெட்டி வரை: பையர் கேட்கும் டிராக்கிங்கை யார் தலையில் ஏற்றுவது?

மெர்ச்சன்டைசர்_திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவர், அடுத்த சீசனிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் பஞ்சு எங்கிருந்து வந்தது, எந்த மில்லில் நூலானது, எந்த டையிங்கில் சாயம் ஏறியது, எந்தெந்த யூனிட்டில் தையல் நடந்தது என்று எல்லாவற்றையும் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்கிறார். ஏற்றாவிட்டால் ஷிப்மென்ட்டுக்கு அனுமதி கிடையாது.

இது திடீரென்று முளைத்த ஆசை இல்லை. கட்டாய உழைப்புப் புகார் உள்ள சீனாவின் சிஞ்சியாங் பகுதிப் பருத்தி கலந்த சரக்கைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்கிறவருடையது. அவர் நம்மிடம்தான் ஆதாரம் கேட்பார். ஐரோப்பாவின் எக்கோடிசைன் ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்தது. அதன்படி டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரங்களை எல்லாம் சொல்லும் மின்பதிவு) வரப்போகிற பொருட்களின் முதல் வரிசையில் ஜவுளியும் இருக்கிறது. இன்று ஒருவர் கேட்பதை நாளைக்கு எல்லா பையரும் கேட்பார்கள்.

என் கேள்வி எந்த மென்பொருள் நல்லது என்பது இல்லை. ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஊரையே சுற்றி வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்டுகளுக்குக் கூலிக்குக் கொடுத்துச் செய்வது. அங்கே இன்னமும் கார்பன் தாள் வைத்து டெலிவரி சலான் எழுதுகிறார்கள். இவர்களை எல்லாம் ஒரே திரைக்குள் எப்படிக் கொண்டுவருவது? வேறு துறைகளில் இது எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குறிமுறை_சென்னை:

கிடங்கு மேலாண்மை மென்பொருள் எழுதுகிறவன் நான். இந்தப் பேச்சு வந்தாலே எங்கள் ஆட்கள் முதலில் எடுப்பது வால்மார்ட்டின் மாம்பழத்தை. அங்கே உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் யியானஸ், ஒரு பாக்கெட் நறுக்கிய மாம்பழத்தைக் கொடுத்து, இது எந்தப் பண்ணையில் விளைந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆனது. ஐ.பி.எம்.முடன் சேர்ந்து பிளாக்செயினில் (பலரும் பகிர்ந்துகொள்ளும், பின்னால் திருத்த முடியாத மின்கணக்கு) பதிந்த பிறகு அதே பதில் 2.2 நொடியில் வந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 2.2 நொடி, தேடுவதற்கு ஆன நேரம் மட்டும்தான். பண்ணையிலும் பேக்கிங் கூடத்திலும் எல்லையிலும் உட்கார்ந்து அந்தத் தகவலைப் போட்டவர்களின் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் கேட்பது அந்த நேரத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

தோல்விக்கும் உதாரணம் இருக்கிறது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸ். கன்டெய்னர் ஆவணங்கள் எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துவிடும் என்றார்கள். தொழில்நுட்பத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற பெரிய கப்பல் கம்பெனிகளும் உள்ளே வந்தன. ஆனாலும் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். உலகம் முழுக்கத் தேவையான ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். போட்டிக்காரன் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் நம் கணக்கை ஏன் எழுத வேண்டும் என்ற தயக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் எவ்வளவு நல்ல தளம் கட்டினாலும் நிற்காது.

சங்ககிரி_லோடு:

லாரி பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஜெயித்த உதாரணம் வேண்டும் என்றால், சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கிற இ-வே பில்லைப் பாருங்கள்.

கேரள எல்லையில் வாளையாரில் கிலோமீட்டர் கணக்கில் வண்டி வரிசை கட்டி நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வரி செக்போஸ்ட்டுகள் போயின. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் ஆனது. பார்ட் ஏ-யில் சரக்கு விவரம், பார்ட் பி-யில் வண்டி நம்பர். முதலில் எல்லோரும் திட்டினோம். இன்றைக்கு எங்கள் புக்கிங் ஆபீஸில் சின்னப் பையன் கூட மொபைலிலேயே பார்ட் பி மாற்றிவிடுகிறான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக்கும் கட்டாயம் ஆனது. எந்த டோலை வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்று ஓனர் மொபைலுக்கே வந்துவிடுகிறது.

இது எப்படி ஓடியது? ஒன்று, கட்டாயம். இரண்டு, பதிவு பண்ணினவனுக்கே பலன் கிடைத்தது. வண்டி நிற்காமல் ஓடினால் லாபம் எங்களுக்குத்தானே.

ஆனால் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. மும்பை அருகே பிவண்டி பக்கம் ஒரு பெரிய கிடங்குக்கு லோடு கொண்டுபோனோம். காலையில் கேட் வாசலில் வண்டி நிற்கிறது. உள்ளே இடம் இல்லை என்று மறுநாள் மாலைதான் டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் போட்ட பிறகுதான் அவர்கள் ஆப்பில் வண்டி வந்து சேர்ந்ததாகவே காட்டும். அதனால் டெலிவரி லேட் என்று வாடகையில் பிடித்தம். டிரைவர் தண்ணீர் கூட இல்லாத இடத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். தப்பு அவர் மேல் எழுதப்பட்டது.

எங்கள் வண்டியின் ஜி.பி.எஸ். அறிக்கையை எடுத்து, கேட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று மேப்போடு அனுப்பினோம். பிடித்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் கட்டணம் பாதிதான் கிடைத்தது. பதிவு இரண்டு பக்கமும் இருந்ததால்தான் அதுவும் கிடைத்தது. ஒருத்தர் கையில் மட்டும் பதிவு இருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம்.

துறைமுகவாசி:

தூத்துக்குடியில் ஏற்றுமதி க்ளியரன்ஸ் பார்க்கிறேன். திருப்பூர் சரக்கு இங்கே வந்து, ஃபீடர் எனும் சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் பிடிப்பது வழக்கம். ஃபீடரைத் தவறவிட்டால் கொழும்பில் தாய்க்கப்பலும் போய்விடும். அப்புறம் சிலர் வேறு வழியில்லாமல் விமானத்தில் அனுப்புவார்கள். அந்த ஆர்டரின் லாபம் அதோடு சரி.

முன்பெல்லாம் ஃபேக்டரியில் கன்டெய்னர் நிரப்பினால் சீல் வைக்க சுங்க அதிகாரி வர வேண்டும். அவர் வரும் நேரம்தான் உங்கள் நேரம். 2017-க்குப் பிறகு ஏற்றுமதியாளரே ஆர்.எஃப்.ஐ.டி. (ரேடியோ அலையில் படிக்கும் சில்லு) இ-சீல் போட்டு அனுப்பலாம் என்று வந்தது. சீல் நம்பரோடு ஷிப்பிங் பில், கன்டெய்னர் நம்பர், வண்டி நம்பரை இணைத்து ஏற்றிவிட்டால், இங்கே ரீடரைக் காட்டியதும் சீல் உடைபட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். எங்கள் வேலையில் கண்ணால் பார்த்த உண்மையான மாற்றம் இதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க்கைத் தாக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களை மறுபடி நிறுவினார்கள் என்று அவர்கள் தலைவரே பின்னால் சொன்னார். நெட்வொர்க் முழுவதற்கும் அடிப்படையான டொமைன் தகவல் எல்லா நகல்களிலும் அழிந்துபோக, கானாவில் கரன்ட் போயிருந்த ஒரு அலுவலகத்தில் மட்டும் ஒரு நகல் தப்பியது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். சகோதரி, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் உங்கள் சலான் விவரத்தின் ஒரு பிரதி உங்களிடமே தனியாக இருக்கட்டும்.

சாயப்பட்டறை_வீரபாண்டி:

எல்லோரும் கன்டெய்னர் அளவில் பேசுகிறீர்கள். சங்கிலி அறுகிற இடம் எங்கள் பட்டறைதான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிட்டிங்கிலிருந்து ரோல் ரோலாகத் துணி வரும். ஒவ்வொன்றிலும் நூல் லாட், மெஷின் நம்பர், எடை எழுதிய ஸ்டிக்கர் இருக்கும், புதிய இடங்களில் க்யூ.ஆர். இருக்கும். நாங்கள் செய்கிற முதல் வேலை அந்த ஸ்டிக்கரைக் கிழிப்பது. ரோலைப் பிரித்து, ஒன்றின் நுனியை அடுத்ததோடு தைத்து, கயிறு போல சாஃப்ட்ஃப்ளோ மெஷினுக்குள் விடுகிறோம். உள்ளே கொதிக்கும் தண்ணீர், காஸ்டிக், பெராக்சைடு. எந்தக் காகிதம் தாங்கும்? அழியாத மார்க்கரில் துணி ஓரத்தில் எழுதுகிறோம். டார்க் ஷேடாக இருந்தால் சாயம் ஏறிய பிறகு அதுவும் தெரியாது. சிலர் சின்னத் துணித்துண்டைத் தைத்து விடுகிறார்கள்.

அதனால் ரோல் கணக்கு டையிங்கோடு முடிகிறது. வெளியே வருவது லாட் கணக்கு, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி மொத்தத்துக்கும் ஒரே கணக்கு. இந்த லாட்டுக்குள் இந்த இந்த ரோல்கள் போயின, இன்ன சாயம், இன்ன தேதி, இத்தனை கிலோ போய் இத்தனை கிலோ வந்தது. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். பையர் கேட்பது இந்தச் சட்டையின் ரோல் நம்பர் என்றால், யாரோ ஒருவர் எக்செல்லில் இட்டுக்கட்டித்தான் கொடுப்பார்.

மில்லிலும் இதே கதைதான். மிக்ஸிங்கில் பல பேல் (பொதி) பஞ்சைச் சேர்த்துத்தான் நூல் ஓட்டுகிறார்கள். பேலில் க்யூ.ஆர். ஒட்டலாம். இந்தியப் பருத்திக்கான கஸ்தூரி காட்டன் திட்டத்தில் அப்படித்தான் செய்கிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் ஒரு கோன் நூலைக் காட்டி இது எந்த விவசாயி காட்டுப் பஞ்சு என்று யாரும் சொல்ல முடியாது. இந்த இந்த பேல்களிலிருந்து வந்தது என்று சொல்லலாம். அதுவே பெரிய விஷயம். அதை முதலிலேயே பையரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட காலம் எங்களுக்கு மறக்காது. அதற்குப் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோம். அந்தச் செலவு எங்கள் ரேட்டில் இருக்கிறது. விதியை மதிக்காத இடத்தில் சாயம் போட்டு மலிவாகக் கொடுப்பவரோடு நாங்கள் போட்டி போட முடிவதில்லை. எங்கே சாயம் ஏறியது என்று நிஜமாகவே பதிவானால், எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லது. நான் இதற்கு எதிரி இல்லை.

மருந்துக்கிடங்கு:

அரசு மருத்துவமனை மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மூலையில் இருக்கும் ஆளைப் பதிவு செய்ய வைப்பது எப்படி என்ற கேள்விக்கு எங்கள் துறையில் ஒரு பதில் கிடைத்தது.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னால் ஒரு பக்கம் தேவையில்லாத மருந்து குவிந்து காலாவதியாகும், இன்னொரு பக்கம் சாதாரண மாத்திரை இருக்காது. கழகம் வந்ததும் மாவட்டக் கிடங்குகளைக் கம்ப்யூட்டரில் சென்னையோடு இணைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். வந்த மருந்தின் மாதிரியைக் கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்துத்தான் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் வெளியே போகும்.

அந்தப் பாஸ்புக்கைப் பார்மசிஸ்ட்டுகள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அதில் இருந்தது அவர்கள் மருத்துவமனையின் பங்கு. கணக்குத் தப்பினால் நோயாளி முன்னால் வெறுங்கையோடு நிற்கப்போவது அவர்தான்.

பிற்காலத்தில் தடுப்பூசிக்கு ஈவின் என்ற இருப்புக் கண்காணிப்பு முறை வந்தது. ஃப்ரிட்ஜுக்குள் சென்சார் வைத்து, வெப்பம் 2 முதல் 8 டிகிரியைத் தாண்டினால் பொறுப்பாளர் மொபைலுக்குச் செய்தி வரும். இருப்பை ஆப்பில் ஏற்ற வேண்டும். கூடுதல் வேலைதான். ஆனால் நடு இரவில் கரன்ட் போய் மருந்து கெட்டுப்போகிற பயம் குறைந்தது. அந்த நிம்மதிக்காகவே ஏற்றினார்கள்.

மெர்ச்சன்டைசர்_திருப்பூர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயாவின் பாஸ்புக்கும் சங்ககிரி அண்ணாவின் ஜி.பி.எஸ். அறிக்கையும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. பதிவு செய்கிறவர் கையில் அந்தப் பதிவு இருக்க வேண்டும், அது அவருக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும்.

பையரின் தளத்தில் இது இரண்டும் இல்லை. ஜாப் ஒர்க் யூனிட் தகவலைக் கொடுக்கிறது. பையருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கிறது. எங்கள் நிறுவனத்துக்கு ஆர்டர் நிலைக்கிறது. யூனிட்டுக்கு? ஒன்றும் இல்லை. தப்பாக ஏற்றினால் திட்டு மட்டும் கிடைக்கும்.

பவர்டேபிள்_அனுப்பர்பாளையம்:

நான் தையல் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். யாரும் கேட்காததை இந்த அம்மா கேட்டதால் எழுதுகிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு கம்பெனி ஆப் கொடுத்தது. கட்டிங் பண்டில் வந்ததும் ஸ்கேன், தைத்து முடித்ததும் ஸ்கேன், வண்டியில் ஏற்றும்போது ஸ்கேன். எங்கள் வீட்டுப் பெண்தான் உட்கார்ந்து செய்தாள். அவர்களுக்கு எங்கள் லைனில் எத்தனை பீஸ் ஓடுகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்தது. ஒரு மெஷின் நின்றால் போன் வரும். ஆனால் பில் கொடுத்தால், அக்கவுன்ட்ஸில் இன்னும் எங்கள் கணக்கு ஏறவில்லை, பீஸ் எண்ணிக்கை சரிபார்க்கணும் என்பார்கள். பீஸ் கணக்கு அவர்கள் ஆப்பிலேயே இருக்கிறது! மாசக்கணக்கில் காசு நிற்கும். நாங்கள் வாரச் சம்பளம் கொடுக்கிறவர்கள். சனிக்கிழமை டெய்லர் கையில் காசு வைக்காவிட்டால் திங்கள்கிழமை அவர் வேறு யூனிட்டில் இருப்பார்.

அதனால்தான் இங்கே ஸ்கேன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். படிப்பில்லாததால் இல்லை. ஜி-பே எல்லோரும் போடுகிறோமே.

கணக்குத்தோழன்:

அனுப்பர்பாளையத்து அண்ணா சொன்னதற்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி அல்லது சேவை நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், பணம் நிஜமாகக் கொடுக்கும் ஆண்டு வரை, தர வேண்டியவர் தன் வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது. ஜாப் ஒர்க்கும் இதில் வரும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லாதவர்கள் முதலில் அதைப் போடுங்கள், கட்டணம் கிடையாது.

ஆனால் நாள் எப்போதிலிருந்து ஓடுகிறது? சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சண்டையே அங்கேதான் வரும். கார்பன் சலானில் கையெழுத்தும் தேதியும் தெளிவாக இருக்காது. ஸ்கேன் பதிவில் நேரம், பீஸ் எண்ணிக்கை, வாங்கியவர் எல்லாம் இருக்கும். நீங்கள் அலுத்துக்கொள்கிற அதே ஸ்கேன்தான் உங்களுக்கு வலுவான ஆதாரம். அதன் பிரதி உங்கள் மொபைலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரெட்ஸ் தளங்களும் இருக்கின்றன, ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. பெரிய நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டதாக உறுதி செய்தால், வங்கிகள் போட்டி போட்டு வட்டி விகிதம் சொல்லி அந்தப் பில்லுக்கு முன்பணம் கொடுக்கும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேற்பட்ட கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஏற்பதற்குத் தாமதிக்கக் காரணமே இல்லாதபடி சரக்குப் பதிவு இருந்தால், இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும்.

குறிமுறை_சென்னை:

தகவல் மேலே, பையர் பக்கம் மட்டும் போகிறது என்பதற்கு இன்னொரு கோணம். கடையில் விற்பனை கொஞ்சம் ஏறினால் பையர் கொஞ்சம் கூட ஆர்டர் போடுவார், அதைப் பார்த்து ஏற்றுமதியாளர் இன்னும் கூட நூல் வாங்குவார், மில் அதற்கும் மேல் பஞ்சு வாங்கும். சாட்டையின் கைப்பிடியை அசைத்தால் நுனி வீசுவது போல. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஹௌ லீயும் அவர் சகாக்களும் 1997-ல் இதை விளக்கியபோது காட்டிய உதாரணம் பி அண்ட் ஜி-யின் பாம்பர்ஸ். குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பர் போடுகின்றன. ஆனால் ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது.

திருப்பூருக்கு இது புத்தக விஷயம் இல்லை. 2022 தொடக்கத்தில் நூல் விலை எகிறி, ஏப்ரலில் அரசு பஞ்சு இறக்குமதி வரியை நிறுத்தி வைத்தது, மே மாதம் ஊரே கடையடைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டார்கெட், வால்மார்ட் கிடங்குகளில் சரக்கு தேங்கிப்போய் ஆர்டரைக் குறைத்தார்கள். கடையில் என்ன விற்கிறது என்பது வாராவாரம் இங்கே தெரிந்திருந்தால் அத்தனை பேர் அத்தனை விலைக்கு நூல் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள்.

சாரா (Zara) போன்ற துணிக்கடைகள் துணிக்குத் துணி ஆர்.எஃப்.ஐ.டி. வைத்து எந்த சைஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தகவல் பையரிடம் இருக்கிறது. பஞ்சு விவரம் வரை கேட்கிறவர், பதிலுக்கு விற்பனை நிலவரத்தைக் காட்டலாமே? இதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம்.

மெர்ச்சன்டைசர்_திருப்பூர்:

விற்பனைத் தகவல் கேட்பது எங்கள் கையில் இல்லை, முதலாளி பேச வேண்டும். கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

என் அளவில் செய்யக்கூடியதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். முதலாவது, டையிங் வரை ரோல், அதற்குப் பின் லாட் என்று பையரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பது. சும்மா இட்டுக்கட்டிய ரோல் நம்பர் வேண்டாம். இரண்டாவது, யூனிட்டில் ஒரே ஒரு ஸ்கேன், வேலை முடிந்து வண்டி ஏறும்போது மட்டும். நடுவில் லைனை வேவு பார்ப்பது வேண்டாம், பாஸ்போர்ட்டுக்கு அது தேவையும் இல்லை. மூன்றாவது, அந்த ஸ்கேன் விழுந்ததும் யூனிட் மொபைலுக்குப் பீஸ் எண்ணிக்கையோடு ரசீது. குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் எங்கள் செக்கிங் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. பில் தேதி அங்கிருந்து ஓடும்.

சாயப்பட்டறை_வீரபாண்டி:

லாட் கார்டில் ரோல் எடைகளை ஏற்ற எங்கள் தராசையே கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம், கையால் அடிக்க வேண்டியதில்லை. போன எடையும் வந்த எடையும் தானாக விழும். இட்டுக்கட்ட இடமே இருக்காது. ப்ராசஸ் லாஸில், அதாவது வேலையின்போது குறைகிற எடையில், வருகிற சண்டையும் குறையும்.

பவர்டேபிள்_அனுப்பர்பாளையம்:

அம்மா, ஒரு திருத்தம். குறை சொல்ல மூன்று நாள் போதும். அதற்கு மேல் போனால் பீஸ் அயர்னிங் போய்க் கலந்துவிடும், அது யார் தைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் அந்த ரசீது தமிழில் வரட்டும், ஏனென்றால் வண்டியில் ஏற்றிவிடுவது எங்கள் வீட்டுப் பெண்தான்.

இந்த இரண்டும் இருந்தால் என் யூனிட்டில் நாளைக்கே தொடங்கலாம். பக்கத்து லைனில் இருக்கிற மற்ற யூனிட்காரர்களிடமும் நானே பேசுகிறேன்.